காது கேளாதவரோடு ஒரே வீட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அண்ணன் பிறவியிலேயே காது கேளாதவர். அவரோடு வளர்ந்ததால் சைகை எனக்குப் பேச்சோடு சேர்ந்தே வந்தது. பிறகு அதையே முறையாகப் படித்து, இப்போது மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம் என்று கூப்பிடுகிற இடங்களுக்கெல்லாம் சைகை மொழிபெயர்ப்புக்குப் போகிறேன். போகிற இடத்தில் எல்லாம் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் கூட வேலை பார்ப்பவர்களும் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். வீடு நிறைய ஆள் இருந்தும் காது கேளாத ஒருவர் ஏன் தனியாகிப் போகிறார் என்பதுதான் பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் கிடக்கும் விஷயம்.

காது கேக்கலைன்னா பேச்சும் வராதா? ஊமைன்னுதானே சொல்றாங்க?

தொண்டை, நாக்கு, குரல் எல்லாம் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் குழந்தை பேசக் கற்பது காதால் கேட்டுத்தான். தன் குரலே தனக்குக் கேட்காதபோது எந்த ஒலியை எப்படி எழுப்புவது என்று அதற்குத் தெரிய வழியில்லை. பயிற்சி எடுத்து ஓரளவு பேசுகிறவர்கள் நிறைய பேர் உண்டு. எங்கள் அண்ணன் என் பெயரைத் தனக்கே உரிய விதத்தில் கூப்பிடுவார். எங்கள் தெருவில் அந்தக் குரல் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் பஸ்ஸில் ஏறிவிட்டால் வாயே திறக்க மாட்டார். அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்களே! பேசத் தெரிந்தும் பலர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

'ஊமை', 'செவிடு' என்று கூப்பிடுவதை விட்டுவிடுங்கள். காது கேளாதவர் என்றால் போதும். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள்.

சத்தமாப் பேசினா கேக்கும்ல?

பெரும்பாலும் கேட்காது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பேச்சுக்குரிய அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 70 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இழப்பு இருந்தால் காது கேளாதவர்; 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். எதிரெதிரே உட்கார்ந்து நாம் பேசும் சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல்தான், அதனால் அது அவர் காதுக்கு எட்டுவதே இல்லை.

கத்தும்போது இன்னொன்றும் நடக்கிறது. கத்துகிறவரின் வாய் கோணுகிறது, நெற்றி சுருங்குகிறது. சத்தம் அவருக்குப் போய்ச் சேருவதில்லை, கோபமான முகம் மட்டும் போய்ச் சேருகிறது. நாளெல்லாம் கோபமான முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காது மெஷின் போட்டிருக்காரே, அப்புறம் என்ன பிரச்சினை?

மூக்குக்கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகிவிடுவது போல, மெஷின் போட்டதும் பேச்சு தெளிவாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். உள்காதில் ஒலியைப் பிரித்து உணரும் செல்கள் பழுதாகியிருந்தால் பேச்சு பெரிதாகக் கேட்கும், தெளிவாகக் கேட்காது. நீங்கள் பேசுவதோடு மின்விசிறி, மிக்ஸி, குக்கர் விசில், வாசலில் போகிற ஆட்டோ எல்லாம் சேர்ந்து பெரிதாகும். அமைதியான அறையில், ஓரிரு மீட்டர் தூரத்துக்குள், ஒருவர் மட்டும் பேசினால் மெஷின் நன்றாக உதவும். கல்யாண மண்டபத்தில் ரொம்பக் கஷ்டம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றி வைத்தால் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பகல் முழுக்க உற்றுக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருப்பார்.

உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்கன்னு சொல்றாங்களே?

ஒரு கண்ணாடி முன்னால் நின்று சத்தமே இல்லாமல் 'அப்பா' என்று சொல்லுங்கள். அடுத்து 'அம்மா'. உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பாடு, மாடு; பணம், மணம்; படி, மடி எல்லாம் அப்படித்தான். ககரம் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். ல, ள, ழ மூன்றையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்கவே முடியாது. எதைப் பற்றிய பேச்சு என்று தெரிந்திருந்தால்தான் பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்து ஊகிக்க முடியும். நடுவில் பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டால் ஊகம் முழுவதும் சரிந்துவிடும். அதனால் பேச்சை மாற்றும்போது 'இப்போது வீட்டு வாடகை விஷயம்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது பெரிய உதவி.

தொங்குமீசை, வாயில் வெற்றிலை, வாய்க்கு முன்னால் கை, ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உதடு தெரியாது. 2020-ல் ஊரே முகக்கவசம் போட்டபோது எங்கள் அண்ணனுக்கு மளிகைக் கடைக்காரரின் உதடும் இல்லாமல் போனது. இருபது வருடப் பழக்கம், அந்தக் கடையில் சாமான் வாங்குவதற்கே என்னைக் கூட்டிப் போக ஆரம்பித்தார்.

வீட்டுல எல்லாரும் பாசமாத்தான் இருக்கோம். அவனுக்கு என்ன தனிமை?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அவர்கள் பாசத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை அவன் கண்ணை மட்டும் கவனியுங்கள். சித்தி மகளுக்கு வந்த வரன் பற்றி அம்மா ஆரம்பிக்கிறார். அவன் அம்மாவைப் பார்க்கிறான். அதற்குள் அப்பா பதில் சொல்லிவிடுகிறார். அப்பா பக்கம் திரும்புகிறான், தங்கை குறுக்கே ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள். யார் சொன்னது, என்ன சொன்னது என்று தெரியாமல் அவனும் சிரித்து வைக்கிறான். 'என்ன?' என்று கையைத் திருப்பிக் கேட்டால் 'ஒண்ணுமில்ல', 'அப்புறம் சொல்றேன்' என்று பதில் வரும். அந்த அப்புறம் வருவதே இல்லை. கொஞ்ச நேரத்தில் தலையைக் குனிந்து தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் எழுந்து போனை எடுத்துக்கொண்டு போய்விடுவான். 'அவன் எப்பவும் போனும் கையுமாத்தான் இருப்பான்' என்று வீட்டில் சொல்வார்கள்.

இது தினமும் மூன்று வேளை, வருடக்கணக்கில் நடக்கிறது. காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அதனால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கதைதான்.

இதில் போவது பேச்சுத்துணை மட்டுமில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல் காதில் விழுந்தே நாம் எவ்வளவு தெரிந்துகொண்டிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பவுன் என்ன விலை, எந்த மாமாவும் எந்த மாமாவும் பேசிக்கொள்வதில்லை, ஏன் பேசிக்கொள்வதில்லை, சீட்டுப் பணம் எப்படிப் போனது, தாத்தா எந்த நோயில் இறந்தார். எங்கள் அப்பா வழியில் சர்க்கரை நோய் உண்டு என்பது என் அண்ணனுக்கு நாற்பது வயதில்தான் தெரியும். டாக்டர் கேட்டார், நான் சைகையில் சொன்னேன், அவர் டாக்டரை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். யாரும் மறைக்கவில்லை. வீட்டில் ஆயிரம் தடவை பேசப்பட்ட விஷயம், அவர் பக்கம் திரும்பி மட்டும் யாரும் சொல்லவில்லை.

முக்கியமான விஷயத்தை மட்டும் சுருக்கமாச் சொல்லிடுறோமே, போதாதா?

அரை மணி நேரப் பேச்சு அவரிடம் 'கல்யாணம் முடிவாயிடுச்சு' என்று இரண்டு வார்த்தையாக வந்து சேரும். முடிவு மட்டும் தெரிகிறவருக்கு அதில் அபிப்பிராயம் சொல்ல இடமில்லை. எது முக்கியம் என்பதையும் நீங்களே தீர்மானித்துவிடுகிறீர்கள். வீட்டு வம்பும் கிண்டலும் கூட அவருக்கு வேண்டும். அதில்தான் ஒருவர் குடும்பத்து ஆளாகிறார்.

நாங்க சிரிச்சாலே தன்னைப் பத்தித்தான் பேசுறோம்னு கோபப்படுறான். ஏன் இவ்வளவு சந்தேகம்?

அவன் இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற காட்சி இதுதான்: இரண்டு பேர் பேசுகிறார்கள், ஒருவர் அவன் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார், உடனே இருவரும் சிரிக்கிறார்கள். நாம் ஒட்டுக்கேட்டே 'ஓ, டிவி நாடகத்தைப் பத்திப் பேசுறாங்க' என்று சமாதானமாகிவிடுவோம். அவனுக்கு அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, சின்ன வயதில் பல முறை அது உண்மையிலேயே அவனைப் பற்றிய சிரிப்பாக இருந்திருக்கும்.

காது கேளாதவர்கள் கோபக்காரர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. நான் பார்த்த வரை அது தவறு. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமலே வளர்ந்த எவருக்கும் அந்தக் கோபம் வரும். சிரித்ததும் எதற்குச் சிரித்தோம் என்று அவன் பக்கம் திரும்பி ஒரு வரி சொல்லிப் பாருங்கள், மாதக்கணக்கில் விடாமல் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் அது வேலை செய்திருக்கிறது.

எழுதிக் காட்டினா ஆச்சு. வாட்ஸ்அப்தான் இருக்கே?

பிற்பாடு காது போனவர்களுக்கு எழுத்து போதும். பிறவியிலேயே கேளாதவர்களில் பலருக்கு எழுத்துத் தமிழ் அவ்வளவு சுலபமில்லை. பள்ளிக்கூடம் போனவர்தானே என்று ஆச்சரியப்படுவார்கள். காரணம் தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. 'கண்ணன் கூப்பிட்டான்', 'கண்ணனைக் கூப்பிட்டான்' இரண்டுக்கும் நடுவில் ஒரு ஐகாரம்தான் வித்தியாசம், அர்த்தமோ தலைகீழ். நம் மொழியில் யார், யாரை, எங்கே, எப்போது என்பதெல்லாம் சொல்லின் வால் பகுதியில் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வால்களை நாம் பள்ளிக்குப் போகுமுன்பே காதால் பிடித்துவிட்டோம். அவர்கள் ஒவ்வொன்றையும் எழுத்திலிருந்து தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். சைகையில் இந்த வால்கள் கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கை நகரும் திசையே காட்டிவிடும். அதனால்தான் 'நேற்று நான் கடை போ பணம் அம்மா கொடு' என்று செய்தி வருகிறது. அதைப் பார்த்துவிட்டு 'இவருக்குப் புத்தி கம்மி' என்று ஒரு மேலாளர் என் எதிரிலேயே சொன்னார். அந்தச் செய்தியை அனுப்பியவர் தையல் இயந்திரம் எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பழுது பார்க்கிறவர்.

எழுதும்போது சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். படமும் இடத்தின் லொக்கேஷனும் சேர்த்து அனுப்புங்கள். முடிந்தால் வீடியோ கால்.

சைகைன்னா உலகம் பூராவும் ஒண்ணுதானே? கையைக் காலை ஆட்டினாப் புரிஞ்சுடாதா?

உலகத்தில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன. இங்கிலாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் ஒரே ஆங்கிலம் பேசினாலும் அவர்களின் சைகை மொழிகள் வேறு வேறு. அமெரிக்காவில் எழுத்துகளை ஒரு கையால் காட்டுவார்கள், இங்கிலாந்தில் இரண்டு கையால். அமெரிக்கச் சைகைக்கு வேர் பிரான்சில் இருக்கிறது. இந்தியச் சைகை மொழி இவை எல்லாவற்றுக்கும் தனி. 'உன் பெயர் என்ன' என்பதில் 'என்ன' கடைசியில் வருவது போல அதிலும் கேள்விச் சொல் கடைசியில்தான் வரும். புருவத்தை உயர்த்துவதும் தலையை ஆட்டுவதும் அதன் இலக்கணம். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சைகை செய்தால் பாதி வாக்கியம் காணாமல் போகும்.

ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சில சைகைகள் மாறும். பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி போன்ற பழைய விடுதிப் பள்ளிகள்தான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தன. அவர்கள் சேர்ந்து வாழ்ந்த இடத்தில் மொழியும் வளர்ந்தது. டில்லியில் 2015-ல் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. அவர்கள் 2018-ல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்திருக்கிறது.

சைகை கத்துக்கொடுத்தா சோம்பேறியாகிப் பேச்சே வராதுன்னு சொல்றாங்களே?

இந்தப் பயத்துக்கு வயது 140-க்கும் மேல். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு நடந்தது. கூடியிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். பள்ளிகளில் இனி வாய்ப்பேச்சுதான், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அது உலகம் முழுக்கப் பரவி, கையைக் கட்டிப்போட்டும் அடித்தும் பிள்ளைகளைப் பழக்கும் வரை போனது. 2010-ல் கனடாவின் வான்கூவரில் அதே வரிசை மாநாடு கூடியபோது அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். நடுவில் 130 வருடம் போய்விட்டது.

சைகை தெரிவதால் பேச்சு கெடுவதில்லை. முதல் ஐந்து வருடத்துக்குள் ஏதோ ஒரு மொழி முழுசாகக் கிடைத்த குழந்தைக்கு இன்னொரு மொழி ஏறுவது சுலபம். எந்த மொழியும் கிடைக்காமல் அந்த வயது கடந்தால் அதைப் பின்னால் ஈடுகட்டுவது மிகவும் கஷ்டம். பேச்சு வரட்டும் என்று மூன்று வருடம், நான்கு வருடம் காத்திருக்கும் வீடுகளில் நான் பயப்படுவது இதற்குத்தான். பிள்ளைகளுக்கு மொழிப்பசி எவ்வளவு என்பதற்கு நிகரகுவா சாட்சி. அங்கே 1970-களின் இறுதியில் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாகப் பெரிய அளவில் ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். உதட்டைப் பார்க்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு புது மொழியை உண்டாக்கிவிட்டார்கள்.

காக்ளியர் ஆபரேஷன் பண்ணியாச்சு. இனி சைகை எதுக்கு?

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உள்காதில் ஒரு கருவியை வைத்து வெளியே ஒரு மெஷினை மாட்டும் இந்த அறுவை சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு வரம்தான். சீக்கிரம் செய்து, பயிற்சியை விடாமல் கொடுத்தால் நன்றாகப் பேசுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி பாதியில் நின்றுபோய், மெஷின் பெட்டியில் கிடக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சும் இல்லை, சைகையும் இல்லை.

நன்றாகக் கேட்கிற பிள்ளைக்கும் குளிக்கும்போது, தூங்கும்போது, பேட்டரி தீர்ந்தபோது காது கிடையாது. நாற்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பில் காது மெஷின் பற்றி மேலே சொன்ன அதே சிக்கல் இதற்கும் உண்டு. இரண்டும் இருக்கட்டும். பிள்ளைக்கு இரண்டு மொழி தெரிந்தால் நஷ்டம் ஒன்றுமில்லையே.

அவங்க ஆளுங்களோடவே ஒட்டிக்கிறாங்க, எங்ககூட சேரவே மாட்டேங்கிறாங்க?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடுகிற இடத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். வீட்டில் தட்டைப் பார்த்துக் குனிந்திருக்கும் அதே ஆள் அங்கே கதை சொல்கிறார், கேலி செய்கிறார், அரசியல் விவாதம் நடக்கிறது. எல்லோருக்கும் சைகைப் பெயர் உண்டு. ஒருவருக்குக் கன்னத்துக் குழி பெயராகியிருக்கும், இன்னொருவருக்குப் புருவத்து வெட்டு. என் அண்ணனுக்கு நெற்றியில் விழும் சுருள்முடிதான் பெயர். இருட்டிய பிறகும் கிளம்ப மாட்டார்கள். கை தெரிய வெளிச்சம் வேண்டும் என்று தெருவிளக்குக்கு அடியில் நகர்ந்து நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ரயில் நிலையத்தில் இந்தப் பிளாட்பாரத்திலிருந்து அந்தப் பிளாட்பாரத்துக்குப் பேசுவார்கள். மலிவான டேட்டா வந்த பிறகு போனைச் சொம்பில் சாய்த்து வைத்து இரண்டு கையாலும் பேசுகிறார்கள்.

வாரத்தில் ஆறு நாள் ஊகித்துக்கொண்டே இருந்தவருக்கு, ஊகிக்காமல் புரிகிற இடம் அது ஒன்றுதான். நம்மோடு சேராமல் போவது அவர் விருப்பமா, நாம் இடம் விடாததாலா என்பதற்கு விடை இந்த வித்தியாசத்திலேயே இருக்கிறது.

காதுல பஞ்சை வச்சுக்கிட்டு ஒரு நாள் இருந்து பார்த்தா அவங்க கஷ்டம் புரியுமா?

அமைதி எப்படி இருக்கும் என்று தெரியும். அவர்களின் கஷ்டம் அமைதி இல்லை. பிறவியிலேயே கேளாதவருக்கு அது இழப்பாகவே தோன்றாது. பஞ்சை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று உங்களுக்குத் தெரியும் என்பதால் பயமும் வராது.

அதைவிட, மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தனியாகப் போய் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். எல்லோரும் சிரிப்பார்கள், உங்களுக்கு எதற்கென்று தெரியாது. பக்கத்தில் இருப்பவரை 'என்ன?' என்று பார்ப்பீர்கள், அவர் 'அப்புறம்' என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி பேச்சில் கலந்துவிடுவார். பத்து நிமிடத்தில் போனை எடுத்துவிடுவீர்கள். என்னோடு வந்த ஒரு அப்பா அப்படித்தான் எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, போனை உள்ளே வைத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

ஊரே சைகை கத்துக்கிறதெல்லாம் நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அருகே மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. பரம்பரையாகக் காது கேளாமை அதிகம் இருந்ததால் சில்மார்க் பகுதியில் 25 பேருக்கு ஒருவர் காது கேளாதவர் என்ற நிலை 19-ஆம் நூற்றாண்டில் இருந்தது. அங்கே காது கேட்பவர்களும் சைகை பேசினார்கள், படகில், கடையில், சர்ச்சில். காது கேளாத யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் தங்களுக்குள் சைகையிலேயே பேசிக்கொள்வார்கள். பிற்காலத்தில் அந்தக் காலத்து முதியவர்களிடம் விசாரித்தபோது, இன்னார் காது கேளாதவரா என்பதையே அவர்கள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. காது அதே காதுதான். சுற்றி இருந்தவர்களுக்கு மொழி தெரிந்திருந்தது.

ஊரை விடுங்கள். வீட்டில் நான்கு பேர் கற்றுக்கொண்டாலே போதும்.

எங்க தாத்தாவுக்கு வயசாகித்தான் காது மந்தமாச்சு. அவருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

தனிமை பொருந்தும், தீர்வு வேறு. அவருக்குத் தமிழ் முழுசாக இருக்கிறது, எழுதிக் காட்டலாம், மெஷினும் நன்றாக உதவும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 150 கோடிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு அளவில் கேட்கும் குறை இருக்கிறது. 2050-ல் அது நான்கில் ஒருவர் என்றாகும்.

'எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு' என்று நாம் சலித்துக்கொள்வதைப் பார்த்து முதியவர்கள் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். மெல்லத் திண்ணையோடு ஒதுங்கிவிடுவார்கள். மறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய காரணங்களில் கேட்கும் குறையும் முக்கியமான ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு சொல்கிறது. வயசாச்சு என்று விட்டுவிடாமல் காது டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போங்கள்.

எப்படிக் கூப்பிடுறது? பின்னால போய்த் தொட்டா பயப்படுறாரே?

அவர் பார்வை படும் இடத்தில் கையை ஆட்டுங்கள். தோளில் மெல்லத் தட்டலாம், தலையில் தட்டக் கூடாது, எதையும் விட்டெறியக் கூடாது. அறைக்குள் நுழையும்போது லைட்டை ஒரு முறை அணைத்துப் போடலாம். இரண்டு பேர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நடந்து போக நேர்ந்தால் சட்டென்று போய்விடுங்கள், அங்கேயே நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கரண்ட் போனால் முதலில் டார்ச்சைத் தேடுங்கள். இருட்டில் அவரோடு பேசவே முடியாது.

ஆஸ்பத்திரிக்கு எட்டு வயசுப் பேத்தியைக் கூட்டிட்டுப் போறோம், அவளே சைகைல சொல்லிடுவா. சரிதானே?

காது கேளாத தம்பதிகளுக்குப் பிறப்பவர்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காது கேட்கும். அந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே குடும்பத்துக்கு வாயாகிவிடுகிறார்கள். கடைக்குப் பரவாயில்லை. கர்ப்பப்பையில் கட்டி என்பதை எட்டு வயதுப் பிள்ளை தன் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னது பாதி. 'பயப்படாதே' என்று தானாகச் சேர்த்துக்கொண்டது மீதி. பெரியவர்களாகப் பார்த்து ஏற்பாடு செய்யுங்கள், கிடைத்தால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை.

2023 செப்டம்பர் 22-ஆம் தேதி காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தின் காணொலி விசாரணையில் சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு ஆஜரானார். அங்கே முடிகிறதென்றால் நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஏன் முடியாது? டாக்டர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என் முகத்தைப் பார்த்துப் பேசாதீர்கள், நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள்.

துக்கச் செய்தின்னா எப்போ, எப்படிச் சொல்றது? தாங்கிக்க மாட்டாரேன்னு கடைசியாத்தான் சொல்றோம்.

எங்கள் பெரியப்பா இறந்த அன்று அண்ணனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் பதற்றத்தில் இருந்தார்கள். நான் வெளியூரில் இருந்தேன். ஏதோ விசேஷம் என்று நினைத்து நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். தெரு முனையில் பந்தலையும் வாசலில் கிடத்தியிருந்த உடலையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மற்றவர்கள் வீட்டிலேயே அழுது, வேனில் ஒருவரை ஒருவர் தேற்றி, ஓரளவு தயாராகி வந்து இறங்கினார்கள். அவருக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைக்கவே இல்லை. அந்தச் சட்டையை அவர் அதற்குப் பிறகு போட்டதில்லை.

உங்களுக்குத் தெரிந்த நிமிடமே அவருக்கும் தெரிய வேண்டும். சைகை வராவிட்டால் இறந்தவரின் போட்டோவைக் காட்டுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். எப்படி, எப்போது என்ற விவரம் கேட்பார். அந்த நேரத்தில் சைகை தெரிந்த ஒருவரை வீடியோ காலில் பிடித்துக் கொடுங்கள். சாவு வீட்டிலும் அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து யார் வந்திருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு அம்பத்தஞ்சு வயசாச்சு, பையனுக்கு முப்பது. இனிமே கத்துக்கிட்டு என்ன ஆகப் போகுது?

முதலில் அவரிடமே கேளுங்கள். அவர் தன் நண்பர்களோடு பயன்படுத்தும் சைகைகள்தான் உங்களுக்கு வேண்டியவை. கூடவே டில்லி மையத்தின் காணொலிகள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. உங்கள் ஊர்ச் சைகையோடு வித்தியாசம் வந்தால் பையன் சொல்வதே சரி. முதலில் 'சாப்பிட்டியா', 'தூங்கு', 'பணம்' என்று ஆரம்பிக்காதீர்கள். அதையெல்லாம் நீங்கள் முப்பது வருடமாக எப்படியோ சொல்லிவிட்டீர்கள். 'ஏன்', 'யார் சொன்னது', 'உனக்கு என்ன தோணுது', 'எனக்குப் புரியல, திரும்பச் சொல்லு' இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் ஏற்கெனவே ஒரு சைகைப் பெயர் வைத்திருப்பார், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கை தடுமாறும், அவர் சிரிப்பார், திருத்துவார். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அறுபத்திரண்டு வயதில் தொடங்கினார். இப்போது சாப்பிட்டு முடித்ததும் மகன் எழுந்து போவதில்லை, எதிர்வீட்டுச் சண்டையின் முழு விவரமும் வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.